ரிவால்வரா பிஸ்டலா, அம்மனைக் கேட்டோம்

துப்பாக்கி லைசென்ஸ் வந்துவிட்டது என்று கலெக்டர் ஆபீசிலிருந்து போன் வந்தபோது நான் கட்டுத்தரையில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, “என்ற பேருக்குத்தானுங்களே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். “ஆமாங்கம்மா, உங்க பேருக்கேதான்” என்று அந்தப் பக்கம் சலித்துக்கொண்டார்கள். நான் போட்ட கூச்சலில் மாடு மிரண்டு, பால் போசிக்குள் காலை வைத்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் யாருக்கும் டீ இல்லை. போகட்டும். இந்த வயது வரைக்கும் என் பெயருக்கு வந்ததெல்லாம் கேஸ் சிலிண்டரும் கல்யாணப் பத்திரிகையும்தான். இப்போது கைத்துப்பாக்கி! எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

எங்கள் வீடு அன்னூரிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. பக்கத்து வீடு என்று ஒன்று உண்டு, கத்தினால் கேட்காது. சுற்று வட்டாரத்தில் தனித்தனியாக இருக்கும் தோட்டத்து வீடுகளைப் பார்த்து வைத்துக்கொண்டு திருட வருகிறார்கள், வயசானவர்களை அடித்துப்போடுகிறார்கள் என்று பேச்சு எழுந்ததிலிருந்து எங்கள் மகளுக்குத் தூக்கம் போய்விட்டது. அவள் கோயமுத்தூரில் அடுக்குமாடி வீட்டில் ஆறாவது மாடியில் இருக்கிறாள். முதலில் தோட்டத்தைச் சுற்றிக் கேமரா வைத்தாள். கேமரா முன்னால் அந்துப்பூச்சி பறந்தால் அவளுடைய போன் அலறும், அவள் எங்களுக்குப் போன் போட்டு அலறுவாள். நாய் வாங்கிக் கொடுத்தாள். அந்த நாய், பிஸ்கட் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் வாலை ஆட்டி வீட்டுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

கடைசியில் கண்டிஷனாகச் சொல்லிவிட்டாள். தை பிறப்பதற்குள் ஒரு துப்பாக்கி வாங்கி, சுடவும் பழகியிருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு வந்து இருக்க வேண்டும். அவள் அழுதுகொண்டே சொன்னதால் நாங்களும் சரி என்று தலையாட்டிவிட்டோம். அவள் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்திருக்கிறேன். தங்கமாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் விடிந்து எழுந்தால் செய்வதற்கு ஒரு வேலை கிடையாது. என் மாடுகளும் லிப்டில் ஏறாது. எனக்கு அங்கே போகப் பிடிக்கவில்லை. இதைவிட மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

லைசென்ஸ் என் பெயருக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் வீட்டுக்காரருக்கு வலது கை நடுங்கும். முதலில் பேப்பர் படிக்கும்போது மட்டும் நடுங்கியது. பிறகு சோறு பிசையும்போதும் நடுங்கியது. மாத்திரை சாப்பிடுகிறார், கூடாமல் குறையாமல் அப்படியே நிற்கிறது. துப்பாக்கிக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றபோது டாக்டர் அவருடைய கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், “அம்மா பேர்ல போட்டுக்கலாமுங்களே” என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் வீட்டில் இருந்தால் நான் கதவைத் தாழ் போடாமல்கூடத் தூங்கினவள். தோப்பில் சருகு மிதிபடும் சத்தம் கேட்டாலே டார்ச்சையும் தடியையும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கிப் போகிறவர் அவர். அன்றைக்குப் பூராவும் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன் என்று தோப்புக்குள்ளேயே இருந்துகொண்டார்.

மறுநாளே ஆள் மாறிவிட்டார். போனைக் கையில் எடுத்தார். வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். இங்கிலீஷ்காரன் சுடுகிறான், ரஷ்யாக்காரன் சுடுகிறான், எவன் சுட்டாலும் இவர் தலையாட்டிக்கொண்டே பார்த்தார். ஒரு வாரத்தில் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே மாறிப்போனது. ரசம் ஊற்றும்போது மேகசின் பற்றிப் பேசினோம். மோர் ஊற்றும்போது ரிவால்வர் பற்றிப் பேசினோம்.

அவருடைய கட்சி பிஸ்டல். கைப்பிடிக்குள்ளேயே குண்டுகளை அடுக்கி வைத்த மேகசினைச் செருகிவிட வேண்டும். மேலே இருக்கும் ஸ்லைடை ஒருமுறை பின்னால் இழுத்து விட்டால் முதல் குண்டு ஏறிக்கொள்ளும். அப்புறம் சுடச் சுட அடுத்த குண்டு தானாக வந்து நிற்கும். “விசையைச் சும்மா தொட்டாப் போதும் அம்மணி. பூவாட்டம் இருக்கும்” என்பார்.

என் தம்பியின் கட்சி ரிவால்வர். அவன் சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறான். எந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசினாலும் அவனுக்குத் தறிதான் ஞாபகம் வரும். “அக்கா, வேகமா ஓடற தறியில ஒரு நூல் சிக்குனாப் போதும், மொத்தமா நின்னுபோகும். பிஸ்டலும் அப்படித்தான். குண்டு சிக்கிக்கிச்சுன்னா நீ என்ன பண்ணுவே? திருடனைச் சித்தெ இருங்கன்னு சொல்லுவியா? ரிவால்வர்ல ஒரு குண்டு வெடிக்கலீன்னா மறுக்கா அமுக்கு, உருளை சுத்தி அடுத்த குண்டு வந்துரும். மாசக்கணக்கா பீரோவுல கெடந்தாலும் அது பாட்டுக்குக் கெடக்கும்” என்றான்.

“ஆறு குண்டு முடிஞ்சா?” என்று இவர் கேட்பார்.

“ஏனுங்க மாமா, ஆறு பேரைச் சுட்டதுக்கு அப்புறமும் ஏழாவது ஆளு நின்னுட்டிருப்பானுங்களா? அவன் இந்நேரம் சத்தியமங்கலம் தாண்டியிருப்பானுங்க” என்பான் தம்பி.

இந்த வாக்குவாதம் எனக்குப் பிடித்திருந்தது. சுடப்போவது நான், லைசென்ஸ் என்னுடையது, ஆனால் சண்டை போடுவது இரண்டு ஆண்கள். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் முறுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் தம்பி பக்கம்தான் சாய்ந்திருந்தேன். ஆனால் சொல்லவில்லை. இவரை எதிர்த்து ஒரு முடிவைச் சட்டென்று சொல்லிவிடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

அப்போதுதான் இவரே, “பூவாக்குக் கேட்டுப்போடலாம்” என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போவதாக இருந்தாலும் சரி, போர்வெல் போடுவதாக இருந்தாலும் சரி, அம்மனிடம் பூ கேட்காமல் நடக்காது. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். நாம் மனசில் ஒரு காரியத்தை நினைத்துக் கும்பிட வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம் என்று உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். துப்பாக்கிக்குப் பூ கேட்டவர்கள் இதுவரை யாராவது உண்டா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்த யோசனையே தித்திப்பாக இருந்தது. பட்டுப் புடவை கட்டிக்கொண்டேன். தம்பியும் சோமனூரிலிருந்து வண்டியில் வந்து சேர்ந்தான்.

மாகாளியம்மன் கோயிலில் அன்று கூட்டமில்லை. பூசாரி, “என்ன காரியமுங்க?” என்று கேட்டார். “ஒரு பொருள் வாங்கறமுங்க” என்றார் இவர். “வாகனமுங்களா?” என்றார் பூசாரி. “அந்த மாதிரிதானுங்க” என்று இவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். மூன்று பேரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். ரிவால்வர் வாங்கலாமா தாயே என்று நான் கேட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தபோது இவர் இன்னும் மூடியபடியே இருந்தார். வலது கையை இடது கையால் பிடித்து நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தார். நல்ல பக்தியாகத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை அரளி. நான், “தாயே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் இவர் அதைவிடப் பெரிதாகப் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. பூவை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இத்தனை சந்தோஷமாக இந்த மனிதரைப் பார்த்து எத்தனை நாளாகிறது என்று எனக்கும் நெகிழ்ந்துபோனது. ரிவால்வருக்கு ஒத்துக்கொண்டாரே என்ற திருப்தி வேறு.

கார் மெயின் ரோட்டில் ஏறியதும், “அப்ப ரிவால்வர்தான்” என்றேன்.

“ரிவால்வரா? நா பிஸ்டலுக்கல்லோ பூ கேட்டேன்” என்றார் இவர்.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தம்பி ஓரமாக நிறுத்திவிட்டான். ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான் பாருங்கள், பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டான். எதைக் கேட்கிறோம் என்று மூன்று பேரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளவில்லை. தம்பி சிரித்து முடித்து, “அக்கா, நா ரெண்டுல ஏதாவது ஒண்ணை வாங்கித் தொலைக்கட்டும்னு கேட்டேன். எனக்கும் வெள்ளைதான்” என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இவரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் பிந்திச் சிரித்தார். மறுபடி போய்க் கேட்கலாம் என்றேன். “அம்மனை ரெண்டு தடவை கேக்கப்படாது. கடைக்குப் போயி கையில எடுத்துப் பாத்து முடிவு பண்ணிக்கலாம்” என்றார்.

கோயமுத்தூரில் துப்பாக்கிக் கடை என்றால் எனக்குள் ஒரு கற்பனை இருந்தது. இருட்டுச் சந்து, மீசைக்காரர், கம்பிக் கதவு. போய்ப் பார்த்தால் கண்ணாடிக் கடைபோலப் பளிச்சென்று ஏசி போட்டு வைத்திருந்தார்கள். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, “வாங்கம்மா, வாங்கய்யா, என்ன சாப்பிடறீங்க?” என்று உபசரித்தார். சொந்தக்காரர் வீட்டுக்கு ஒறம்பரை போனதுபோலத்தான் இருந்தது. லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். “அம்மாவுக்குங்களா? ரொம்பச் சந்தோசமுங்க” என்றார். எனக்குப் பெருமை தாளவில்லை.

முதலில் ரிவால்வரை எடுத்து, உருளையைத் திறந்து, ஆறு ஓட்டையும் காலியாக இருப்பதை எல்லாருக்கும் காட்டிவிட்டு என் கையில் கொடுத்தார். “சொவத்தைப் பாத்துப் புடிங்கம்மா. காலியா இருந்தாலும் ஆளைப் பாத்து நீட்டப்படாதுங்க. விசை சித்தெ கட்டியா இருக்குமுங்க, பொம்பளைங்க நெறையப் பேருக்கு விரல் வலிக்கும்” என்றார். நான் சுவரைப் பார்த்து நீட்டி அமுக்கினேன். உருளை சுற்றி, டக்கென்று அடித்தது. திரும்ப அமுக்கினேன். திரும்ப அடித்தது. ஒன்றும் வலிக்கவில்லை. கடைக்காரர் என் விரல்களைப் பார்த்தார். “மாடு வெச்சிருக்கீங்களாம்மா?” என்றார். “மூணு கறவைங்க” என்றேன். “அதானுங்க” என்று சிரித்தார்.

பிறகு பிஸ்டலை எடுத்தார். இங்கேதான் எனக்குப் புத்தி தடுமாறியது. தட்டையாக, கறுப்பாக, சின்னதாக, அத்தனை லட்சணமாக இருந்தது அது. கையில் வாங்கியதும் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. ஸ்லைடை இழுக்கச் சொன்னார். முதல் தடவை பாதியில் விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை மூச்சைப் பிடித்து இழுத்து விட்டேன். சளக் என்று பாய்ந்து மூடிக்கொண்டது. ஐயோ, அந்தச் சத்தம்! உச்சந்தலை வரைக்கும் சிலிர்த்தது. இந்தச் சத்தம் ஒன்று போதுமே, கேட்டவன் ஓடிவிடுவானே என்று நினைத்தேன். விசையோ இவர் சொன்ன மாதிரியே பூவாட்டம் இருந்தது. தொட்டேன், அடித்துவிட்டது.

“எப்படி?” என்றார் இவர். முகமெல்லாம் சிரிப்பு.

“நல்லாத்தானுங்க இருக்குது” என்றேன். உண்மையைச் சொன்னால் நான் பிஸ்டலுக்கு மாறிவிட்டேன். தம்பி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். நூல் சிக்கும், தறி நிற்கும் என்று முணுமுணுத்தான். நான் அவனைக் கண்டுகொள்ளவில்லை. அந்த அழகான சாமானை இன்னொரு தடவை இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது இவர் கடைக்காரரிடம், “நானும் ஒருக்காப் புடிச்சுப் பாக்கட்டுங்களா?” என்றார்.

கடைக்காரர் ஒரு நொடி யோசித்தார். லைசென்ஸ் என்னுடையது என்பது அவருக்குத் தெரியும். “காலித் துப்பாக்கிதானுங்களே, என்ற முன்னாடியே சும்மா பாருங்கய்யா” என்று சொல்லி ரிவால்வரைக் கொடுத்தார். இவர் சுவரைப் பார்த்து நீட்டி விசையை அமுக்கினார். கை நடுங்கியது. விசை பாதி வந்து நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினார். வரவில்லை. பின்னால் இருக்கும் கொக்கியைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்திவிட்டால் விசை லேசாகிவிடும் என்றார் கடைக்காரர். இவருடைய கட்டைவிரல் அந்தக் கொக்கி மேல் நிற்கவே இல்லை, வழுக்கி வழுக்கி வந்தது. “இது முரட்டுச் சாமானுங்க” என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிஸ்டலுக்குக் கை நீட்டினார். நான் அப்போதுதான் ஸ்லைடை இழுத்து விட்டிருந்தேன். அப்படியே கொடுத்தேன். அவர் வாங்கி, சுவரை நோக்கித் தூக்குகிறார். தூக்கிக்கொண்டிருக்கும்போதே விரல் நடுங்கி விசையில் பட்டது. டக். அந்த நேரத்தில் குழாய் முனை தம்பியின் வயிற்றைப் பார்த்தபடி இருந்தது.

காலித் துப்பாக்கிதான். ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர் மெதுவாக, குழந்தை கையிலிருந்து கண்ணாடி டம்ளரை வாங்குவதுபோல, அதை வாங்கிக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். தம்பி தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, “மாமா, வேட்டியைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன், புதுசு” என்று எதையோ உளறினான். இவர் சிரித்தார். வலது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

எனக்கு அந்த இடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. இவர் ஏன் இத்தனை நாளாகப் பிஸ்டல் பிஸ்டல் என்று உயிரை விட்டார் என்று விளங்கியது. சட்டம் என்ன சொன்னாலும், லைசென்ஸ் யார் பெயரில் இருந்தாலும், எவனாவது கதவைத் தட்டினால் இந்த மனிதர் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு முதல் ஆளாகப் போவார். அவருக்கு அவருடைய விரலால் அமுக்க முடிகிற துப்பாக்கி வேண்டும். அந்த விரலால் அமுக்கினால் குண்டு எங்கே போகும் என்று இப்போதுதான் பார்த்தோம். என் மேல் படும், அவர் மேலேயே படும்.

“ரிவால்வரே குடுங்க” என்றேன்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். கடைக்காரர், “அம்மாவுக்குப் பிஸ்டல் புடிச்சிருந்துச்சுங்களே” என்றார்.

“இல்லீங்க. எனக்கு இதுதான் கைக்கு வாகா இருக்குது” என்றேன். அந்தச் சின்னக் கறுப்புச் சாமானைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஆசை வந்துவிடும். இவர் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து லைசென்ஸ் உறையைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். “சரி, ரிவால்வர்தான்” என்றார் அவர்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதற்குச் சந்தனம் வைத்துப் பொட்டிட்டேன். பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அப்போது திருடனுக்கும் லீவு விட்டுவிடுவார்கள்போல என்று தம்பி கேலி பண்ணினான். இவர் எல்லாவற்றுக்கும் சிரித்தார். ஆனால் வீடியோ பார்ப்பதை அன்றோடு நிறுத்திவிட்டார். ரசம் ஊற்றும்போது மறுபடி தேங்காய் விலையைப் பேசினோம். பிஸ்டலையே வாங்கித் தொலைத்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது. மறுபடி அந்தக் குழாய் தம்பியின் வயிற்றைப் பார்த்தது ஞாபகத்துக்கு வந்தது. இல்லை, சரியாகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டேன்.

சுடும் பயிற்சிக்குப் போன அன்று காலையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணத்தன்று இருந்த படபடப்பு. சுடுகளம் ஊருக்கு வெளியே, மண்மேடு எழுப்பி வைத்த திடல். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. புடவை முந்தானையைச் சுற்றிச் செருகிக்கொண்டு நின்றேன். சொல்லிக் கொடுக்கிறவர் பின்னால் நின்று, “மூச்சை விடுங்கம்மா, அவசரமில்லீங்க, மெதுவா முழுசா அமுக்குங்க” என்றார்.

அமுக்கினேன். வெடித்தது.

அதை எப்படிச் சொல்ல? கை தூக்கிப் போட்டது, நெஞ்சுக்குள் யாரோ பறை அடித்தமாதிரி அதிர்ந்தது, மருந்து வாசனை மூக்கில் ஏறியது, நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிறகு சிரித்தேன். சிரிப்பை அடக்கவே முடியவில்லை. “சிரிச்சுட்டுச் சுடப்படாதுங்கம்மா” என்றார் அவர். சிரித்து முடித்து, மூச்சை விட்டு, மிச்சத்தையும் சுட்டேன். காகிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினார்கள். நடு வட்டத்துக்குள் மூன்று ஓட்டை, ஒன்று ஓரமாக. மற்ற இரண்டும் மண்மேட்டுக்குப் போய்விட்டன, பரவாயில்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த இவர் கை தட்டினார். அந்த வலது கையும் இடது கையும் ஒன்றோடொன்று சரியாகச் சேரவில்லை. ஆனாலும் விடாமல் தட்டினார். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், “என்ற ஊட்டுக்காரிங்க” என்று சொன்னது என் காது மூடியையும் தாண்டிக் கேட்டது.

அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. “அம்மா, நெசமாலுமே நீயா சுட்டே?” என்று நாலு தடவை கேட்டாள். “உன்ற அப்பனா சுடுவாரு?” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. “சரி, தோட்டத்துலயே இருங்க. ஆனா தெனமும் காத்தால எனக்குப் போன் பண்ணோணும்” என்றாள். நான் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், “ஆச்சு! ஆறாவது மாடி இல்ல!” என்று கத்தினேன்.

வருகிற வழியில் ஒரு பேக்கரியில் வண்டியை நிறுத்தினோம். தம்பி வெளியில் தறிக்காரர் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்தோம். எனக்கு முழு டீ, அவருக்கு அரை டீ. கொஞ்ச காலமாக அவர் அரை டீதான் சொல்வார், நிறைய இருந்தால் சிந்திவிடும். நான் இன்னும் சுட்ட கதையையே பேசிக்கொண்டிருந்தேன். தூக்கிப் போட்டதைக் கையால் செய்து காட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அன்னைக்குக் கடையில எனக்குப் புரிஞ்சுபோச்சு அம்மணி” என்றார் அவர்.

தூக்கிய கையை மேசைமேல் வைத்தேன்.

“என்னால அமுக்க முடியாததாப் பாத்து வாங்குனே. நல்ல காரியம் செஞ்சே” என்றார். குரலில் கோபம் இல்லை. “நா எடுத்திருந்தா உன்னைத்தான் சுட்டிருப்பேன்.”

“அம்மன் ரெண்டுக்கும் வெள்ளைப் பூ குடுத்துச்சுங்களே, அதுல ஒண்ணைத்தானுங்க வாங்குனேன்” என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன்.

அவர் சட்டைப் பைக்குள் விரலை விட்டு, சருகாகிப்போன அந்த அரளிப் பூவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“நா பிஸ்டலுக்குக் கேக்கல. கார்ல சும்மா சொன்னேன்” என்றார். “இந்தக் கை நிக்குமா தாயேன்னு கேட்டேன்.”

வெளியே தம்பி இன்னும் கத்திக்கொண்டிருந்தான். நான் ஏதாவது சொல்லலாம் என்று டீ கிளாஸைத் தூக்கினேன். சுடுகளத்தில் ஆடாத என் கை அப்போது ஆடியது. டீ கிளாஸைத் தாண்டி என் புடவையில் சிந்தியது. அவர்தான் எழுந்து, இரண்டு கையாலும் என் கிளாஸைப் பிடித்து வாங்கி மேசைமேல் வைத்தார்.